கொள்ளுத்தாத்தாவைத் தேடும் முன் அவருடைய ஊரைத் தேடுங்கள்

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கொள்ளுத்தாத்தாவின் பெயர் வரை வீட்டில் தெரியும், அவருக்கு முன்னால் யார் என்று தெரியாது. பூர்வீகம் போளூர் பக்கம் ஏதோ ஒரு கிராமம். கொஞ்சம் நிலம் இருந்தது, விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவர் கப்பலேறி தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குப் போனார், திரும்பி வரவில்லை. எந்த இணையதளத்தில் பெயரைப் போட்டால் வம்சாவளி கிடைக்கும், டிஎன்ஏ பரிசோதனை எடுத்தால் பயன் உண்டா என்பது உங்கள் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் இணையதளத்தைப் பற்றிய கேள்விதான். ஆனால் உள்ளே இருப்பது வேறு: ஒரு சாதாரணக் குடும்பத்தின் பெயர்களை நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் யாராவது எழுதி வைத்தார்களா, அந்தக் காகிதம் இன்று எங்கே இருக்கிறது?

எழுதினார்கள். ஆனால் நீங்கள் என்றைக்காவது வந்து படிப்பீர்கள் என்று நினைத்து எழுதவில்லை. தீர்வை வசூலிக்க எழுதினார்கள், நிலம் கைமாறியதைப் பதிய எழுதினார்கள், கப்பலில் ஏறிய ஆளை அடையாளம் வைக்க எழுதினார்கள், ஞானஸ்நானம் கொடுத்ததைக் குறிக்க எழுதினார்கள். அதனால் அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஜில்லா, தாலுகா, கிராமம் என்ற வரிசையில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. வெறும் பெயரோடு போனால் எந்த அலமாரியைத் திறப்பது என்றே தெரியாது. ஊர் தெரிந்தால் வழி கிடைத்துவிடும். நான் பதிவுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பூர்வீகம் தேடி வருகிறவர்களுக்கு இப்போது என்னால் ஆன உதவியைச் செய்து வருகிறேன். கீழே தமிழ்நாட்டு ஆவணங்களைப் பற்றிச் சொல்வது நேரடிப் பழக்கத்தில் சொல்வது. நேட்டால் ஆவணங்களைப் பிரதிகளாகத்தான் பார்த்திருக்கிறேன், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணையதளக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். வெளிநாட்டு வம்சாவளித் தளங்களில் பெயரைத் தட்டியதும் குடும்பமே வந்து நிற்பதற்கு முக்கியக் காரணம், அந்த நாடுகளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்களைப் பாதுகாத்து, ஒரு காலம் கழிந்ததும் பொதுமக்கள் பார்வைக்கு விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் 72 வருஷம், பிரிட்டனில் 100 வருஷம். நம்மிடம் அந்த வழக்கம் இல்லை. 1881 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்தும் நமக்குக் கிடைப்பது கூட்டுத்தொகை மட்டும்தான். தனிநபர் விவரங்களை யாரும் பார்வையிட முடியாது என்று 1948-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவே சொல்கிறது. ஆகவே கட்டணத் தளங்களுக்கு இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். ஃபேமிலிசர்ச் என்ற இலவசத் தளம் ஒன்று போதும். கண்டுபிடிப்பதை மரமாக வரைந்து வைக்கவும், பின்னால் தென்னாப்பிரிக்கப் பதிவேடுகளையும் தேவாலயப் பதிவேடுகளையும் தேடவும் அது உதவும்.

தேடலைத் தொடங்க வேண்டிய இடம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள். அவர்களிடம் "கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் என்ன?" என்று நேராகக் கேட்டால் "யாருக்கு ஞாபகம்?" என்றுதான் பதில் வரும். வேறு மாதிரி கேளுங்கள். குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது, முதல் முடி எங்கே இறக்கினார்கள், பங்காளிகள் யார் யார், யார் வீட்டுச் சாவுக்கு நாம் தீட்டுக் காத்தோம், எந்தெந்த ஊரில் பெண் எடுத்தோம், எங்கே கொடுத்தோம். இந்தக் கேள்விகளுக்குப் பாட்டிமார்களிடமும் அத்தைமார்களிடமும் பதில் இருக்கும். குலதெய்வக் கோயிலில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குகிற வழக்கம் இருந்தால் இன்னும் நல்லது. அந்த வரி நோட்டில் எந்தெந்தக் குடும்பங்கள் ஒரே வகையறா என்று வருஷாவருஷம் எழுதியிருப்பார்கள். ஊரை விட்டுப் போய் இரண்டு தலைமுறை ஆனவர்களின் பெயர்கூட அதில் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு "போளூர் பக்கம்" வரைதான் தெரியும் என்கிறீர்கள். கிராமத்தின் பெயரைக் குலதெய்வத்தின் வழியாகப் பிடிப்பதுதான் இருக்கிற வழிகளில் நம்பகமானது.

அப்புறம் வீட்டில் இருக்கும் காகிதங்கள். பத்திரம், பட்டா மட்டும் என்று நினைக்காதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, கிஸ்தி ரசீது, கோர்ட் சம்மன், புரோநோட்டு, கடிதத்தின் உறை எல்லாம் வேண்டும். மொய் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். ஒரு கல்யாணத்துக்கு வந்த அத்தனை உறவுக்காரர்களின் பெயரும் ஊரோடு சேர்த்து, சம்பந்தி வழி, தாய்மாமன் வழி என்ற வரிசையில் ஒரே இடத்தில் இருப்பது அதில்தான்.

பெரியவர்கள் வருஷத்தை எண்ணால் சொல்ல மாட்டார்கள். "எம்டன் குண்டு போட்டப்போ அவர் கைக்குழந்தை" என்றால், ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைத் தாக்கிய 1914 செப்டம்பர். "தாது வருஷப் பஞ்சத்துல ஊரை விட்டு வந்தவங்க" என்றால் 1876-க்கும் 1878-க்கும் இடையில். இவற்றை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சம்பவம் நம்பத்தக்கது, வயதுக் கணக்கில்தான் இரண்டு மூன்று வருஷம் முன்னே பின்னே இருக்கும்.

ஓலையிலோ பழைய நோட்டிலோ ஒரு ஜாதகம் கிடைத்தால் விடாதீர்கள். வருஷப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் குழப்பம் வரும். விகாரி வருஷம் என்றால் அது 1839-ஆகவும் இருக்கலாம், 1899-ஆகவும் இருக்கலாம், 1959-ஆகவும் இருக்கலாம். கட்டத்தில் குருவையும் சனியையும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் 60 வருஷத்தில் இரண்டும் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிடும். ராகுவைப் பாருங்கள். ராகு பன்னிரண்டு ராசியையும் சுற்றி வர சுமார் 18.6 வருஷம் ஆகிறது. 60 வருஷத்தில் மூன்று சுற்று முடித்து, மேற்கொண்டு இரண்டு மூன்று ராசி தள்ளிப் போயிருக்கும். பஞ்சாங்க மென்பொருளில் அந்த மூன்று வருஷங்களையும் போட்டு, ராகு எந்த வருஷத்தில் ஜாதகத்தில் உள்ள ராசியில் நிற்கிறது என்று பார்த்தால் தேதி பிடிபட்டுவிடும். ஜோதிடத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே விஷயமே இல்லை. அது ஒரு வானியல் குறிப்பு. குடும்பக் காகிதங்களில் இவ்வளவு துல்லியமாகப் பிறந்த நாளைச் சொல்லக்கூடியது வேறு இல்லை.

ஊர்ப் பெயர் கிடைத்ததும் அது அந்தக் காலத்தில் எந்த ஜில்லாவில், எந்தத் தாலுகாவில் இருந்தது என்று உறுதி செய்யுங்கள். இன்று போளூர் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1989-க்கு முன்னால் வட ஆர்க்காட்டில் இருந்தது. அந்த வட ஆர்க்காட்டுக்கும் 1911 வரை சித்தூர்தான் தலைநகரம். பழைய காகிதத்தில் சித்தூர் என்று பார்த்ததும் ஆந்திராவுக்குத் தேடப் போய்விடாதீர்கள். ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்துத் தாலுகாக்களில் இரண்டு மூன்று கிராமங்கள் இருப்பதும் சகஜம். உங்கள் வீட்டில் சொல்கிற பெயர் ஒரு குக்கிராமத்தின் பெயராகவும், கணக்கில் அது பெரிய வருவாய்க் கிராமத்தின் பெயரில் அடங்கியதாகவும் இருக்கலாம்.

இப்போது பத்திரங்களுக்கு வருகிறேன். நிலம் இருந்த குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய களஞ்சியம் இல்லை, உங்களுக்கு நிலம் இருந்தது. பத்திரப் பதிவு 1860-களின் நடுவிலிருந்து நடக்கிறது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயத்தைப் பதிந்தே ஆக வேண்டும் என்பது பழைய சட்டம், 1908-ஆம் வருஷத்துச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. அந்தக் காலத்து நூறு ரூபாய் பெரிய தொகை என்பதால், சின்னத் துண்டு நிலங்கள் பதியாமலே கைமாறியிருக்கும். ஆனால் குடும்பமே கிளம்பும்போது இருந்ததையெல்லாம் விற்றிருந்தால் பதிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஒரு பழைய கிரயப் பத்திரத்தில் என்னவெல்லாம் இருக்கும் தெரியுமா? எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இருவருக்கும் தகப்பன் பெயர், ஊர், சாதி, தொழில். நிலம் எப்படி வந்தது என்ற வரலாறு. பிதுரார்ஜிதம் என்று எழுதியிருந்தால் தகப்பன், பாட்டன் வழி வந்தது, சுயார்ஜிதம் என்றால் அவரே சம்பாதித்தது. பூர்வீகச் சொத்தாக இருந்தால் மகன்களும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மைனர் பிள்ளைகளுக்காகத் தகப்பன் கார்டியனாகக் கையெழுத்துப் போட்டிருப்பார், அங்கே பிள்ளைகளின் பெயரும் பல சமயம் வயதும் வந்துவிடும். கீழே செக்குபந்தி என்று நான்கு எல்லை. இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, இன்னார் கிணற்றுக்கு மேற்கு என்று வரும் அந்த இன்னார்களில் பாதிப் பேர் பங்காளிகளாகத்தான் இருப்பார்கள், ஏனென்றால் ஒரு காலத்தில் அது ஒரே நிலமாக இருந்து பாகம் பிரிந்தது. கடைசியில் சாட்சிகள், அவர்களும் பெரும்பாலும் சொந்தக்காரர்கள்.

கிரயத்தைவிட மேலானது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள், இறந்துபோன அண்ணனின் பிள்ளைகள், ஜீவனாம்சத்துக்கு உரிமையுள்ள விதவை என்று முழுக் கிளையும் ஒரே காகிதத்தில் வந்து உட்கார்ந்துவிடும். உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கப்பலேறிய தம்பிக்கும் பூர்வீகத்தில் பங்கு உண்டு. அவர் போகும் முன்பே தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கலாம், அல்லது பின்னால் நடந்த பாகப்பிரிவினையில் அவர் ஊரில் இல்லை என்று ஒரு வரி இருக்கலாம். அந்த வரி கிடைத்தால் அவர் போன காலம் சுருங்கிவிடும்.

இவற்றை எப்படிப் பார்ப்பது? பதிவுத்துறையின் தளத்தில் வில்லங்கம் பார்க்கலாம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது பெரும்பாலான ஊர்களுக்கு 1975-ஐ ஒட்டித்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் உள்ளதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைமுறையாகத் தேட மனுப் போட வேண்டும். இரண்டு வகை அட்டவணைகள் உண்டு. ஒன்று ஆட்களின் பெயர் வரிசையில், இன்னொன்று கிராமம், சர்வே எண் வரிசையில். பெயர் அட்டவணை இருக்கிறதே, பிறகு ஏன் ஊர் ஊர் என்கிறீர்கள் என்று கேட்பீர்கள். அந்த அட்டவணை அந்த ஒரு அலுவலகத்துக்கு, அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்தான். எந்த அலுவலகம் என்று ஊர்தான் சொல்லும். கிராமங்கள் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருப்பதால், அந்த வருஷத்தில் உங்கள் கிராமம் எதன் கீழ் இருந்தது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நிலம் சம்பந்தப்பட்ட முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு அதற்கும் நகல் கேட்கலாம். பலருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாது. நீங்கள் சொத்துக்கு உரிமை கொண்டாட வரவில்லை, பூர்வீகம் தேடுகிறீர்கள் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அலுவலகத்திலும் சரி, ஊரிலும் சரி, முகம் இளகும்.

சர்வே எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. 1980-களில் யூடிஆர் என்று நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது பல இடங்களில் எண்கள் உட்பிரிவாகி மாறின. உங்கள் கையில் இருக்கும் பழைய எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிட வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். வருஷம் பசலியில் (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு வருஷம்) இருந்தால் 590 கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1310 என்பது 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை.

பத்திரங்களுக்கும் முன்னால் போக வேண்டுமானால் வருவாய்க் கணக்குகள்தான். அரசாங்கமே குடியானவரிடம் நேராகத் தீர்வை வாங்கிய ரயத்துவாரிக் கிராமங்களுக்கு, தீர்வை நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மெண்ட் பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே பட்டாதாரர் பெயர் இருக்கும். மானியம் (தீர்வை இல்லாமலோ குறைந்த தீர்வைக்கோ கொடுத்த இனாம் நிலம்) இருந்த குடும்பம் என்றால் அதிர்ஷ்டம். 1858-க்குப் பிறகு இனாம் கமிஷன் விசாரித்து எழுதிய பதிவேட்டில், மானியம் முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது, இப்போது யார் அனுபவிக்கிறார், அவர் வயது என்ன, முதல் ஆளுக்கு என்ன உறவு என்றெல்லாம் இருக்கும். கோயில் பூசாரிகள், ஊர்த் தொழில் செய்த சில குடும்பங்கள் உட்பட பலருக்கு 18-ஆம் நூற்றாண்டு வரை பெயர் கிடைப்பது இந்த வழியில்தான். இந்தப் பதிவேடுகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உங்கள் ஊர் ஆரணி ஜாகீர் போன்ற ஜமீன் நிலமாக இருந்திருந்தால் நிலைமை வேறு. அங்கே குடியானவர்களின் கணக்கு ஜமீன் கையில் இருந்தது. 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசாங்க செட்டில்மெண்ட் வந்தது. அப்படியானால் பழைய பெயர்களுக்குப் பத்திரங்களைத்தான் நம்ப வேண்டும். இன்னொரு வாய்ப்பும் உண்டு. 1980-இல் பரம்பரைக் கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியக்காரர் (கிராமத் தலைவர்) பதவிகளை ஒழித்தபோது, சில ஊர்களில் பழைய கணக்குகள் கர்ணம் வீட்டுப் பெட்டியிலேயே தங்கிவிட்டன. மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை சொன்னது அத்தனையும் நிலமோ மானியமோ இருந்தவர்களுக்கு. பண்ணையில் உழைத்த, நிலமே இல்லாத குடும்பங்களின் பெயரை ஊர்க்கணக்கு எழுதவே இல்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு 1892-க்குப் பிறகு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் பதிவுகளில்தான் பலர் முதல்முறையாகப் பெயரோடு வருகிறார்கள். மிஷன் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் இன்னொரு இடம். மூன்றாவது இடம், கப்பல் பட்டியல். உள்ளூரில் யாரும் ஒரு வரி எழுதாத மனிதருக்கு, கப்பலில் ஏறும்போது பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதினார்கள். கரும்புத் தோட்டங்களுக்காக வாங்கிய உழைப்பைக் கணக்கு வைக்க எழுதியதுதான் அது. அந்தக் கொடுமையை மறக்காமல், அந்தக் காகிதத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம்.

உங்களுக்கு இதனால் கிடைக்கும் லாபம் பெரியது. போனவர் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி. அவருடைய தகப்பன் பெயர்தான் நீங்கள் தேடும் பெயர். ஊரில் இருந்த அண்ணனைவிட ஊரை விட்டுப் போன தம்பிக்குத்தான் நல்ல ஆவணம் இருக்க வாய்ப்பு.

நேட்டாலுக்கு முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911-இல் நிறுத்தப்படும் வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள், வட ஆர்க்காட்டுக்காரர்கள் அதில் நிறைய. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்தான் அங்கே அவர் வாழ்நாள் முழுக்க எல்லாக் காகிதத்திலும் வரும். மூலப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து தயாரித்த தேடக்கூடிய பட்டியல் குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் இருக்கிறது. இங்கே மட்டும் பெயரை வைத்துத் தேடலாம்.

ஆனால் பெயர் எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி இருக்கும். முனுசாமி மூன்சாமி ஆகியிருப்பார். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிப் போயிருக்கும். ஒரு பெயருக்குப் பத்து எழுத்துக்கூட்டலாவது போட்டுப் பாருங்கள், பிறகு பெயரை விட்டுவிட்டுப் போளூர் தாலுகா என்று மட்டும் போட்டு வருகிற எல்லாரையும் வரிசையாகப் படியுங்கள். ஒரே பெயரில் பலர் வருவார்கள். பெயர், தகப்பன் பெயர், கிராமம் மூன்றும் ஒத்துப் போனால்தான் அவர் உங்களவர் என்று சொல்லலாம். இரண்டு ஒத்தால் "இருக்கலாம்" என்று மட்டும் குறித்து வையுங்கள். உங்களுக்குத் தகப்பன் பெயர் தெரியாததால், ஊர்ப் பத்திரம் ஒன்றிலிருந்து கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயரை எடுத்த பிறகு இங்கே வருவது நல்லது. இரண்டு பக்கமும் ஒரே பெயர் வந்தால் சந்தேகத்துக்கு இடம் குறைவு. சாதி, வயது இரண்டையும் அதிகம் நம்ப வேண்டாம். வயது குத்துமதிப்பு. சாதியைச் சிலர் மாற்றிச் சொன்னார்கள், சிலருக்கு எழுதியவரே மாற்றிவிட்டார்.

அவர் அங்கே குடும்பம் வைத்துத் தங்கியிருந்தால், இறந்த பிறகு சொத்துக் கோப்பு ஒன்று திறந்திருக்கலாம். அதோடு இணைந்த இறப்பு அறிவிப்பில் பெற்றோர் பெயர், மனைவி, பிள்ளைகள் எல்லாம் கேட்டு எழுதும் பத்திகள் உண்டு. சந்ததியைத் தேடும்போது அவர் சாதிப் பட்டத்தைக் குடும்பப் பெயராகத் தேடுங்கள். முதலி அங்கே மூட்லி, கவுண்டர் அங்கே கோவெண்டர். அதோடு அவருடைய சொந்தப் பெயரையும் தேடுங்கள், ஏனென்றால் நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் பலருக்குத் தாத்தாவின் பெயரே அங்கே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. "திரும்பி வரவில்லை" என்பதையும் உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து வருஷம் முடித்தவர்களுக்கு இலவசமாகத் திரும்பும் கப்பல் உண்டு. ஊர் வந்தும் வீடு வராமல் வேறு இடத்தில் தங்கியவர்கள் இருக்கிறார்கள்.

போன இடம் நேட்டால்தானா என்பதும் கேள்வி. வீட்டில் சொல்லிச் சொல்லித் தீவுகளின் பெயர் மாறிவிடும். மொரீஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகளும், பலருக்குப் புகைப்படமும் இருக்கின்றன. பிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் எடுத்தது 1903-இலிருந்துதான், அதற்கு முன்னால் போனவர் என்றால் பிஜியை விட்டுவிடலாம். புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியனுக்கோ குவாதலூப்புக்கோ போயிருந்தால் பிரெஞ்சுப் பதிவுகள். அவற்றில் பெரும்பகுதியை பிரான்ஸில் எக்ஸான் ப்ரோவான்ஸ் ஊரில் உள்ள ஆவணக் காப்பகம் இணையத்தில் போட்டிருக்கிறது. மலேயாவுக்குக் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி) கூட்டிப் போனவர்களுக்குப் பெயர்வாரிப் பட்டியல் கிடைப்பது அரிது, இது மனதைத் தளர்த்தும் உண்மை.

உள்ளூர் ஆவணங்களில் மீதியை வேகமாகச் சொல்கிறேன். பிறப்பு இறப்புப் பதிவேட்டில் குழந்தைக்குப் பெயர் இருக்காது, "ஆண்", "பெண்" என்று மட்டும் இருக்கும், ஆகவே தகப்பன் பெயரை வைத்துத் தேடுங்கள். பதியாமல் விட்டதும் நிறைய. பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயரையும் ஊரையும் நம்பலாம், பிறந்த தேதியை நம்பக் கூடாது. அது பள்ளியில் சேர்ப்பதற்காக வைத்த தேதி. பழைய வாக்காளர் பட்டியலில் ஒரே கதவிலக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று தெரியும்.

பெண்களைத் தேடுவது கடினம், அதற்காக விட்டுவிடாதீர்கள். பழைய பத்திரங்களில் "இன்னார் பாரியாள்" (மனைவி) என்றுதான் வருவார்கள், தகப்பன் பெயர் இருக்காது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு, தகப்பன் சொத்தில் மகளும் வாரிசு என்பதால், பத்திரங்களிலும் வாரிசுச் சான்றுகளிலும் மகள்களின் பெயர் வரத் தொடங்குகிறது. 1956-க்குப் பிறகு ஒரு முதியவர் இறந்து சொத்து பிரிந்திருந்தால், அந்தக் காகிதத்தில் 1900-ஐ ஒட்டிப் பிறந்த மகள்கள்கூட இருப்பார்கள். உங்கள் கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டுக்கு வழி அங்கேயிருந்து கிடைக்கலாம்.

டிஎன்ஏ பற்றி. கொள்ளுத்தாத்தா ஒருவரிடமிருந்து உங்களுக்கு வருவது சராசரியாக எட்டில் ஒரு பங்கு. தம்பியின் கொள்ளுப்பேரனோடு உங்களுக்குப் பொதுவாக இருப்பது சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் கீழே. அந்தத் தூரத்து உறவில் பத்தில் ஒருவருக்குப் பொருத்தமே தெரியாமல் போகும். அத்தோடு மாமன் மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்ட குடும்பங்களில், தூரத்து உறவுகூட நெருங்கிய உறவு போல முடிவில் காட்டும். ஆகவே பரிசோதனை தானாக வம்சாவளி தராது. ஆனால் நேட்டால் பட்டியலில் தம்பி கிடைத்து, மகன், மகனின் மகன் என்று அவருடைய ஆண்வழியில் வந்த ஆண் ஒருவர் இன்று இருந்தால், தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமை, அவருக்கும் உங்கள் வீட்டில் அதே போல கொள்ளுத்தாத்தாவின் ஆண்வழியில் வந்த ஆண் ஒருவருக்கும் ஒப்பிடலாம். ஒத்துப் போனால் ஒரே ஆண்வழி என்பது உறுதி. அண்ணன் தம்பி பிள்ளைகளா, அதற்கும் மேலே பிரிந்த பங்காளிகளா என்பதை அது சொல்லாது, அதற்குப் பத்திரம் வேண்டும். இத்தனை சதவீதம் இந்த இனம் என்று வரும் வண்ணப் படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

எவ்வளவு தூரம் போக முடியும் என்று எதிர்பார்க்கலாம்? நிலம் இருந்த குடும்பத்துக்கு 1860-கள் வரை போவது நியாயமான எதிர்பார்ப்பு. செட்டில்மெண்டும் மானியமும் துணை நின்றால் இன்னும் ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை. அதற்கு மேலே ராஜா காலம் வரை யாராவது கோத்துக் கொடுத்தால், ஒவ்வொரு பெயருக்கும் காகிதம் கேளுங்கள். இன்னொரு எச்சரிக்கை: தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால், ஒரே பெயரில் இரண்டு பேர் அறுபது வருஷ இடைவெளியில் வருவார்கள். இருவரையும் ஒருவராக்கிவிட்டால் நடுவில் ஒரு தலைமுறை காணாமல் போய்விடும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எங்கிருந்து கிடைத்தது, பத்திர எண், வருஷம், அலுவலகம் என்று எழுதுங்கள். கேள்விப்பட்டது என்றால் யார் சொன்னது என்று எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரங்களைப் பொதுவெளியில் ஏற்ற வேண்டாம்.

உங்கள் அப்பாவிடமும், அவர் தலைமுறையில் மூத்த அத்தை யாராவது இருந்தால் அவரிடமும், குலதெய்வம் எந்த ஊர் என்பதையும், நிலத்தை யாருக்கு விற்றோம் என்பதையும் கேட்டு இங்கே எழுதுங்கள். வாங்கியவர் குடும்பத்திடம் தாய்ப் பத்திரம் இன்னும் இருக்கலாம், அது கிடைத்தால் பாதித் தேடல் மிச்சம். இல்லாவிட்டாலும், கிராமத்தின் பெயரும் விற்ற வருஷம் குத்துமதிப்பாகவும் தெரிந்தால், எந்தச் சார்பதிவகத்தில் எந்த வருஷங்களின் அட்டவணையைக் கேட்க வேண்டும், மனுவில் என்ன எழுத வேண்டும் என்று சொல்கிறேன்.